முப்பது டிகிரி

ஜூன் 9, திங்கள்

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்களும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் “கடையில ஆள் நிக்குது, வை” என்று வெட்டிவிடுகிறீர்கள். நான்கு தடவை ஆயிற்று. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், அதற்கும் முதலில் பிரித்தாக வேண்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே பொய் என்று நீங்களே காட்டுங்கள்.

மே பதினாறாம் தேதி ஐம்பது ஏஞ்சல் மீன்கள் சரக்கில் வந்தன. பையைப் பிரிக்கும்போதே நான் சொன்னேன். “ரெண்டு மூணு மீன் துடுப்பை ஒடுக்கிக்கிட்டு இருக்கு. பின்னறைத் தொட்டியில ரெண்டு வாரம் தனியா வச்சுப் பாப்போம்.” நீங்கள் என்ன சொன்னீர்கள்? “பின்னறையில வச்சா எவன் வந்து பாப்பான்?” அப்படியே முகப்புத் தொட்டியில் கொட்டினீர்கள். மூன்றாம் நாள் காலையில் உப்பைத் தூவினது போல அதுகளின் உடம்பெல்லாம் வெண்புள்ளி.

அந்த நோய்க்குச் சூடுதான் சரியான வழி என்று நான் சொன்னபோது தலையாட்டியவர் நீங்கள். மே இருபதிலிருந்து நாளுக்கு ஒரு டிகிரி. இருபத்தாறிலிருந்து முப்பது வரைக்கும் அவசரப்படாமல் ஏற்றினேன். இருபத்து நாலாம் தேதி மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் முப்பத்தெட்டு மீனும் மிதக்கின்றன. கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால், வாய் கூசாமல், “பாருங்க, என் தங்கச்சி மீனை அவிச்சு வச்சிருக்கா” என்றீர்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அன்று சாயங்காலமே எனக்கு ‘வெந்நீர்க்காரி’ என்று பேர் வைத்துவிட்டார். பதினொரு வருடம் அந்தக் கடையில் தொட்டி கழுவியதற்குக் கிடைத்த பட்டம் அது.

அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் நீங்கள் கடையைவிட்டு விரட்டிய பிறகு, என் வலையையும் தெர்மாமீட்டரையும் எடுத்துப்போக இருபத்தாறாம் தேதி கடைக்கு வந்தேனே, அப்போது போன் அடித்தது. நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். நான் எடுத்தேன். நான் இப்போது இருக்கும் இந்த ஊர் டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ் பேசினார். “உங்க கடையில வாங்குன பன்னெண்டு மீனும் வெள்ளை வெள்ளையா இருக்கு. ரெண்டு செத்துப் போச்சு. சனிக்கிழமை போன் பண்ணினப்ப, புது இடம், பயத்துல அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரே உங்க ஓனர்?”

ஐம்பதில் பன்னிரண்டைப் பதினேழாம் தேதியே அங்கே விற்றிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை என்றால் இருபத்து நாலு. கடைத் தொட்டியில் புள்ளி வந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

அண்ணா, இது எந்த மாதிரி இடம் என்று தெரியுமா? எட்டு நாற்காலி. எட்டு மெஷின். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஒரு கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பதற்கு அந்த ஒரு தொட்டிதான் இருக்கிறது. உடம்பில் ஓடும் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணிக்கொள்ள வந்தவர்கள், கண்ணெதிரே ஒவ்வொரு மீனாகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது மூன்றாவது மீனை ஆயா டம்ளரில் எடுத்துக்கொண்டு போனார்.

அதனால்தான் இங்கே இருக்கிறேன். தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஆள் என்று, மெஷின்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறையில் வேலையும் கொடுத்துவிட்டார்கள். மாடியில் துணி துவைக்கும் அம்மாவோடு ஒரு அறை.

எனக்கு உங்களிடம் வேண்டியது இரண்டே. இங்கே வந்து, நோய் மீனை விற்றது நான்தான் என்று இவர்களிடம் சொல்லுங்கள். அப்புறம் என் பேரைச் சரிசெய்யுங்கள்.

தங்கை


ஜூன் 14, சனி

தங்கைக்கு,

பிரித்தேன். கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், உனக்குத் திருப்திதானே?

முதலில் ஒன்று கேட்கிறேன். எப்போதிருந்து நான் ‘நீங்கள்’ ஆனேன்? பேச்சு வந்த நாளிலிருந்து என்னை ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். பள்ளிக்கூட வாசலில் “டேய் அண்ணா” என்று கத்தி மானத்தை வாங்கியவள் நீ. இப்போது வக்கீல் நோட்டீஸ் மாதிரி நீங்கள், உங்கள், போட்டு எழுதுகிறாய். அந்த ஐந்து பக்கத்தில் என்னை ரொம்பச் சுட்டது அதுதான். இதையும் எழுதி வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வாடிக்கையாளர் இடத்துக்கு என்னைக் கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டு, என் கடை மானத்தைக் கப்பலேற்றுகிறாய். இருபத்திரண்டு வருடமாக மீன் விற்கிறேன். வெண்புள்ளி வராத கடை எந்த ஊரில் இருக்கிறது? நீல மருந்தை நாலு சொட்டு விட்டால் போகிற சமாசாரம். நீதான் சூடு, சூடு என்று ஒற்றைக்காலில் நின்றாய். தலையாட்டினேன், ஒப்புக்கொள்கிறேன். நீ ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் தலையாட்டாமல் தப்பிக்க இந்த வீட்டில் யாருக்கு முடிந்திருக்கிறது?

செத்த மீனை எடுக்க நான் கையை விட்டபோது தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு இருந்தது. முப்பது டிகிரி அப்படியா இருக்கும்? சூடு பண்ணியது நீ. செத்தது அந்தத் தொட்டி மீன். நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு. அதற்கு வேண்டுமானால் வருத்தப்படுகிறேன். ஆனால் சொன்னது தப்பில்லை.

உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். என்ன என்று கேட்டால், “உங்களுக்குத் தெரியாததா” என்கிறாள். நீ போன அன்றிலிருந்து இப்படித்தான். அவளை ஏதாவது ஏற்றிவிட்டுப் போனாயா?

பெரிய ஃபில்டரைக் கழற்றுவதற்கு ஒரு சாவி இருந்ததே, அதை எங்கே வைத்தாய்?

அண்ணன்


ஜூன் 20, வெள்ளி

அண்ணனுக்கு,

சாவி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பதினொரு வருடமாக அங்கேதான் தொங்குகிறது.

அண்ணியை நான் ஏற்றிவிடவில்லை. கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ சொல்ல வந்து விழுங்கியது மாதிரி இருந்தது. இப்போது உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த முகம் மறுபடி ஞாபகம் வருகிறது.

நீல மருந்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது இந்தப் புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி எப்படி வாழ்கிறது என்று கேட்டிருப்பீர்களா? இங்கே நாற்காலியில் இருக்கும் ரிட்டயர்ட் பஸ் டிரைவர் முதல் நாளே கேட்டார். “இந்தாம்மா, சுடுதண்ணி வச்சா புள்ளி எப்படிப் போகும்? அழுக்கா அது, கரையறதுக்கு?” நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நாம் பார்க்கும் புள்ளி மீனின் தோலுக்கு உள்ளே இருக்கிறது. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் கழன்று விழும். அடியில் சரளையில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு போடும். கூட்டுக்குள் ஒன்று பல நூறாகப் பிரியும். பிறகு கூடு உடைந்து அத்தனையும் நீந்திக்கொண்டு வேறு மீனைத் தேடும். அப்படி நீந்தித் திரியும் கொஞ்ச நேரத்தில்தான் அதை அழிக்க முடியும். குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்று முடிய வாரக்கணக்காகும். சூட்டில் சில நாளிலேயே முடிந்துவிடும். முப்பது டிகிரியில் அதற்குப் பெருகவே தெம்பு இருக்காது. அதனால் மெதுவாக ஏற்றி, இரண்டு வாரம் அப்படியே பிடித்து வைத்து, தினமும் அடிச் சரளையை உறிஞ்சிச் சுத்தம் பண்ண வேண்டும். சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் நிற்கும் என்பதால் பம்ப் நிற்காமல் ஓட வேண்டும்.

டிரைவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப எதிரி வீட்டைவிட்டு ரோட்டுக்கு வர்றப்ப மடக்கணும்” என்றார். அதற்குப் பிறகு வரும் நாளெல்லாம் புள்ளி எண்ணுவது அவர் வேலை. பெரிய ஏஞ்சல் மீன் ஒன்று, தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்கும். அதற்கு ‘கண்டக்டர்’ என்று பேர் வைத்திருந்தார். பக்கத்து நாற்காலித் தையல்காரம்மா, “கண்டக்டருக்கு இன்னிக்கு எத்தனை டிக்கெட்?” என்று கேட்பார். நாற்பது, முப்பத்தொன்று, பன்னிரண்டு என்று குறைந்துகொண்டே வந்தது. மெஷின் பார்க்கும் டெக்னீஷியன், தண்ணீரில் ஹீட்டரா, ஷாக் அடிக்குமே என்று இரண்டு நாள் என்னை முறைத்தார். பிறகு அவரே தனி பிளக் போட்டுக் கொடுத்தார்.

பதினான்கு நாள் முடிந்துவிட்டது. ஒரு மீன்மேலும் புள்ளி இல்லை. ஆனால் கண்டக்டர் ஜூன் மூன்றாம் தேதி செத்துப்போயிற்று. நோய் முற்றிப்போயிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதையும் சேர்த்து நாலு போயின; நீங்கள் விற்ற பன்னிரண்டில் எட்டு பிழைத்தன.

இப்போது என் கேள்வி. இந்தப் பத்து நாளாக அந்த மதியத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நான் மூன்று மணிக்கு வந்தபோது கெட்டுக் கிடந்தது ஏஞ்சல் தொட்டி மட்டும் இல்லை. பக்கத்துத் தொட்டியில் இருந்த சின்ன டெட்ரா மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்தத் தொட்டியில் ஹீட்டரே கிடையாது. நான் சூடு பண்ணாத தொட்டி மீன் ஏன் மூச்சுக்குத் தவிக்க வேண்டும்? இரண்டு தொட்டிக்கும் ஒரே ஏர் பம்ப். ஒரே சுவிட்ச்.

நான் வந்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால்?

தங்கை


ஜூன் 26, வியாழன்

தங்கைக்கு,

மீன்காரியாக இருந்தவள் இப்போது போலீஸ்காரியாகவும் ஆகிவிட்டாயா? பம்ப் ஓடியதா, சுவிட்ச் யார் போட்டார், சாட்சி யார் என்று விசாரணை வைக்கிறாய். எனக்குக் கடையில் ஆயிரம் வேலை. ஒவ்வொரு நிமிஷமும் பம்புக்குப் பக்கத்தில் காவல் இருக்க முடியுமா?

பாடம் நடத்தியதற்கு நன்றி. எனக்குத் தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய்.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் போகிறது. டெட்ரா தொட்டியில் கொஞ்சம் சேதம். அவ்வளவுதான்.

ஒரு வாடிக்கையாளர் கேட்டார். மோலி மீன் தொட்டியில் வெண்புள்ளி வந்தால் எத்தனை டிகிரி வரைக்கும் ஏற்றலாம்? தங்கமீன் தொட்டிக்கும் அதே கணக்கா? அவர் நீல மருந்தை ஆறு நாள் விட்டுப் பார்த்தாராம், நிற்கவில்லையாம். தொட்டி ஓரமெல்லாம் நீலமாகிவிட்டதுதான் மிச்சம். அவருக்குச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன். சீக்கிரம் எழுது.

அண்ணன்


ஜூலை 2, புதன்

அண்ணா,

உன் வாடிக்கையாளருக்குச் சொல். மோலி முப்பதைத் தாங்கும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், அதை முப்பதுக்குக் கொண்டுபோகவே கூடாது. அதை உப்பாலும் அடிக்கடி தண்ணீர் மாற்றியும்தான் பார்க்க வேண்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைப் போட்டு மீன் பிடிக்க வேண்டாம், நோய் அப்படித்தான் வீடு வீடாகப் போகிறது. ஆறு நாள் மருந்து விட்ட தண்ணீரில் முக்கால்வாசியை முதலில் மாற்றச் சொல். அந்த வாடிக்கையாளர் தன் தங்கையிடம் நேராகவே கேட்டிருக்கலாம். அதையும் சொல்.

இனி எழுதுவதை நான் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

திங்கட்கிழமை டெக்னீஷியன் மெஷின் சூட்டைச் சரிபார்க்க வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். ரத்தம் போகிற விஷயம், அரை டிகிரி தவறினாலும் விட மாட்டார்கள். அதற்கென்று முத்திரை போட்ட ஒரு தெர்மாமீட்டர் பெட்டியில் இருக்கிறது. விளையாட்டாக, “மீன் தொட்டியையும் பாத்துடலாமா?” என்று அதைத் தொட்டிக்குள் விட்டார். அதில் இருபத்தொன்பது. என் தெர்மாமீட்டரில் இருபத்தாறு.

மறுபடி வைத்தார். வேறு தண்ணீரில் இரண்டையும் வைத்தார். ஒவ்வொரு தடவையும் என்னுடையது மூன்று டிகிரி குறைத்தே காட்டியது.

கடையிலிருந்து நான் கொண்டுவந்த அதே தெர்மாமீட்டர்தான், அண்ணா. நான் முப்பது என்று நினைத்த தண்ணீர் முப்பத்து மூன்றில் இருந்தது. உன் கடையிலும், இங்கேயும். குளிக்கிற பதத்துக்கு இருந்தது என்று நீ எழுதினாய். நான் அதைச் சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிட்டேன். நீ எழுதியது உண்மை.

அப்படியென்றால் கண்டக்டரைக் கொன்றது நோய் இல்லை. நான்தான்.

அதை டிரைவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். ஊசி குத்தியிருந்த கையில் பிளாஸ்திரியை அழுத்திவிட்டார். அப்புறம் கேட்டார். “முப்பத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். மீட்டர் பொய் சொல்லும், எனக்குத் தெரியும். ஆனா எஞ்சின் சத்தம் மாறுமே. அந்த மீன் மேல வந்து வாயைத் தொறந்து நின்னுச்சே ரெண்டு நாளா, நான் உன்கிட்ட சொன்னேன்ல? அப்ப நீ மீனைப் பாத்தியா, மீட்டரைப் பாத்தியா?”

மீட்டரைத்தான் பார்த்தேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை வந்தபோது என்னோடு பேசவில்லை. தையல்காரம்மா என் தோளைத் தொட்டு, “அவருக்கு ஆறட்டும், நீ உன் வேலையப் பாரு” என்றார்.

என் பங்கை எழுதிவிட்டேன். அதை எழுதும்போது மரியாதைப் பன்மை எல்லாம் ஓடிப்போய்விட்டது, பார்த்திருப்பாய். ஆனால் கோபம் ஓடிப்போய்விட்டதாக நினைக்காதே. முப்பத்து மூன்று டிகிரி ஏஞ்சலுக்குக் கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. இங்கே அதே சூட்டில் பம்ப் நிற்காமல் ஓடியது. ஒன்றுதான் போயிற்று, எட்டு பிழைத்தன. உன் கடையில் ஒரே மதியத்தில் முப்பத்தெட்டும் போயிற்று. சூடு பண்ணாத டெட்ராக்களும் தவித்தன. அதற்கு என் தெர்மாமீட்டர் பதில் சொல்லாது.

நீ பதில் சொல்.

தங்கை


ஜூலை 8, செவ்வாய்

தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். “சின்னவ எழுதிட்டா. நீங்க எப்ப எழுதப் போறீங்க?”

எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ சாப்பிடப் போனதும், ஒன்றேகால் மணி இருக்கும், போன் வந்தது. அந்தத் தலைமை நர்ஸ்தான். பழைய பம்ப் எப்படி உறுமும் என்று உனக்குத் தெரியும். அவர் பேசியது காதில் விழவில்லை. சுவிட்சை அணைத்தேன். மீனில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே என்றார். என் கண்ணெதிரே தொட்டியில் அதே வெள்ளை. நான் அதைப் பார்த்துக்கொண்டே, புது இடம், பயம், நாலு நாளில் சரியாகிவிடும் என்றேன். போனை வைத்ததும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பின்னறைக்குப் போய்ப் படுத்தேன். உன் அண்ணி சாப்பாடு கொண்டுவந்து எழுப்பியபோது மணி இரண்டே முக்கால். எழுந்து வந்து பார்த்தால் பாதி மீன் மிதக்கிறது, மீதி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். அவள் பார்த்தாள்.

பதினைந்து நிமிஷத்தில் நீ வந்தாய். வந்ததும் முதலில் தெர்மாமீட்டரைத்தான் பார்த்தாய். “முப்பதுதானே இருக்கு, ஏன் இப்படி?” என்றாய். அந்த ஒரு நொடியில் எனக்கு வழி கிடைத்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கத் தைரியம் இல்லை. ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போக, எடுப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அன்று ராத்திரி அண்ணி, “சுவிட்ச் அணைஞ்சு கெடந்துச்சே, அதைச் சொல்லலியா?” என்றாள். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். நீ அவளை ஏற்றிவிட்டதாக எழுதினேனே, அதைப் படிக்க உனக்கு எப்படி இருந்திருக்கும்.

நீ மூன்று டிகிரிக்காக மூன்று நாள் கிழித்துக் கிழித்து எழுதியிருக்கிறாய். நான் ஒரு சுவிட்சுக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நேற்றுச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், “அப்ப எதுக்குங்க அந்தப் பொண்ணை விரட்டுனீங்க?” கடையில் மீன் விற்பதை நிறுத்தியிருக்கிறேன். வாசலில் அட்டையில் எழுதி மாட்டிவிட்டேன், ‘தொட்டிகளில் நோய், சரியாகும் வரை விற்பனை இல்லை’ என்று. உன் அண்ணிதான் பெரிய எழுத்தில் எழுதினாள். மோலி தொட்டி இன்று இருபத்தெட்டு டிகிரி. இரண்டு தெர்மாமீட்டர் போட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை. கேட்டது நான்தான்.

அங்கே வந்து சொல்லச் சொன்னாய். அது மட்டும் எனக்கு முடியுமா தெரியவில்லை. எட்டுப் பேர் முன்னால் நின்று என்னவென்று ஆரம்பிப்பது?

அண்ணன்


ஜூலை 19, சனி

அண்ணா,

நீ செய்திருக்கிற காரியத்துக்கு உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஊர் திரும்பவே ராத்திரியாகிவிட்டது. புதன்கிழமை காலை உள்ளே நுழைந்தால் ஆயாவிலிருந்து டெக்னீஷியன் வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “உங்க அண்ணன் வந்தாரே.” தலைமை நர்ஸிடம் போனில் விசாரித்து, நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாய். கேட்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஆறு வாரம் நான் எதற்காகக் காத்திருந்தேனோ, அதை என் கண்ணில் காட்டாமல் முடித்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ பேசியதை எனக்குச் சொன்னவர் தையல்காரம்மா. நாள் மாற்றி அவரும் டிரைவரும் அன்றைக்கு வந்திருந்தார்களாம். “உங்க அண்ணன் கதவுகிட்டயே நின்னாரு. உள்ள வாங்கன்னு நர்ஸ் மூணு வாட்டி கூப்பிட்டாங்க. அப்புறம் வந்து நடுவுல நின்னு, நோய் மீன்னு தெரிஞ்சும் போன்ல பொய் சொன்னவன் நான்தாங்க, என் தங்கச்சி மேல பழியைப் போட்டவனும் நான்தாங்கன்னு சொன்னாரு. அப்புறம் தொட்டியையே பாத்துக்கிட்டு நின்னாரு.”

கடைசியில் டிரைவர்தான் பேசினாராம். “சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. மொதல்லேர்ந்து சொல்லு.”

நீ உட்கார்ந்து முழுவதையும் சொல்லியிருக்கிறாய். பம்ப், போன், பின்னறை, எல்லாம். என் தெர்மாமீட்டர் கதை வந்தபோது, “அது பழசு, மாத்தணும்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தா, நான்தான் வாங்கித் தரல” என்றாயாம். அது எனக்கே மறந்துபோயிருந்தது. நீ சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை டிரைவர் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டி, ஊசி போட்டு முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார். “அந்த ஓரத்துல ஒண்ணு தனியா நிக்குது, பாரு. நல்லாருக்கா?” இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் தெர்மாமீட்டர் பக்கம் போகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த மீன் மூச்சு விடுவதை ரொம்ப நேரம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். “ம்” என்றார்.

கிளம்பும்போது நர்ஸிடம், “அவ திரும்பி வருவாளான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று விட்டுப்போயிருக்கிறாய். நர்ஸ் எதற்கு நடுவில்? நானே சொல்கிறேன். வர மாட்டேன்.

உன்மேல் உள்ள கோபத்தில் இதைச் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. போன வாரம் காலையில் சுத்திகரித்த தண்ணீரைச் சோதித்தேன். நோயாளியின் ரத்தத்தைக் கெடுக்கும் குளோரின், இருக்கக் கூடாத இடத்தில் லேசாகக் காட்டியது. டெக்னீஷியனிடம், தண்ணீர் சரியில்லை என்று மட்டும்தான் சொன்னேன். எட்டு மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெரிய டாக்டரே வந்து, “இவங்க சரின்னு சொன்னதும் ஆரம்பிங்க” என்றார். வடிகட்டியை மாற்றி, மூன்று தடவை சோதித்து, நான் சரி என்றதற்குப் பிறகுதான் மெஷின் சுவிட்சுகளைப் போட்டார்கள். பதினொரு வருடம் உன் கடையில் நான் தண்ணீர் சரியில்லை, மீன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு தொட்டி விற்பனையைக்கூட நீ நிறுத்தியதில்லை. இப்போது நிறுத்தியிருக்கிறாய். நல்லது. அப்படியே பழகிக்கொள்.

அண்ணியை அடுத்த மாதம் இங்கே அனுப்பு. நாலு நாள் என்னோடு இருக்கட்டும். நீ சமைத்துச் சாப்பிடு.

நீயும் வரலாம். ஆனால் நர்ஸிடம் விசாரித்துக்கொண்டு, நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வராதே. எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டாய், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொல்லிவிட்டாய். என் முகத்தைப் பார்த்து நீ இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பதினொரு மணி பஸ்ஸில் வா, நிறுத்தத்துக்கு வருகிறேன்.

தங்கை